கத்தினால் எழுந்திருக்காத அக்கா

எதிர்வீட்டு அக்காவிடம் எதையும் கேட்டு வாங்கியவர்கள் எங்கள் காம்பவுண்டில் யாரும் கிடையாது. அவரிடமிருந்து எதையும் வாங்காதவர்களும் கிடையாது. இதை எப்படிப் புரியும்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் அதிகம் படித்தவள் இல்லை. எனக்கே முழுக்கப் புரிந்துவிட்டதா என்று கேட்டால், அதுவும் இல்லை.

கல்யாணமாகி ஆம்பூரிலிருந்து ஆஸ்டின் டவுனுக்கு வந்த புதிதில் ஒருநாள் உறைமோர் கேட்டு அவர் வாசலில் நின்றேன். எங்கள் கதவுக்கும் அவர் கதவுக்கும் நடுவில் இரண்டு பேர் எதிர் எதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய நடைதான். அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். கமர்ஷியல் ஸ்ட்ரீட் கடைகளிலிருந்து வரும் சேலைகளுக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுப்பது அவர் வேலை.

"கொஞ்சம் உறைமோர் இருக்குமாக்கா?"

மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "இல்ல" என்றார்.

அவருக்குப் பின்னால் அடுப்பு மேடையில் ஒரு பாத்திரம் நிறையத் தயிர் இருந்தது. ஏடு கட்டியிருந்தது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. முகம் சுருங்கிப்போய்த் திரும்பி வந்தேன். அன்று சாயங்காலம் விளக்கு வைக்க வாசலுக்கு வந்தால், நிலைப்படி ஓரத்தில் ஒரு டம்ளர் தயிர், மேலே தட்டு போட்டு மூடி வைத்திருந்தது.

மறுநாள் டம்ளரைக் கழுவிக்கொண்டு போய்க் கொடுத்து, ரொம்ப நன்றிக்கா என்றேன்.

"நீ கேட்டதுக்கு நான் குடுக்கல."

"பின்ன?"

"உங்க வீட்ல தயிர் இல்லன்னு தெரிஞ்சுது. குடுத்தேன்."

இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

அக்காவுக்கு அப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். ஒல்லியான உடம்பு. அவர் கட்டியிருக்கும் நூல் சேலையில் எப்போதும் நாலைந்து கலர் நூல் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். தனியாகத்தான் இருந்தார். அவர்கள் குடும்பம் பாட்டன் காலத்திலிருந்தே பௌத்தம் என்று சொல்வார்கள். வீட்டில் புத்தர் படம் ஒன்று மட்டும் இருக்கும். பௌர்ணமிக்கு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு விகாரைக்குப் போய்வருவார். நான் கேட்டேன், "அங்க போய் என்ன வேண்டிக்குவீங்கக்கா?" என்று. "ஒண்ணும் வேண்டிக்கிறதில்ல. உக்காந்துட்டு வருவேன்" என்றார். ஒன்றும் வேண்டிக்கொள்ளாமல் எதற்கு பஸ் பிடித்துப் போக வேண்டும் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. நான் திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள். கந்தசாமியிடம் ஒரு நாளைக்கு இருபது விஷயமாவது கேட்காமல் என்னால் சமைக்கக்கூட முடியாது.

குழாயடியில் அவருக்குக் கல்லு மனசுக்காரி என்று பெயர். அதற்குக் காரணமும் இருந்தது. பக்கத்துப் போர்ஷனில் இருந்த சின்னப் பெண் ஒருத்தி, அக்காவிடம் இருந்த ரோஸ் கலர் சாட்டின் துணியைப் பார்த்துவிட்டு, அது வேண்டும் என்று தரையில் விழுந்து புரண்டு அழுதாள். தாய்க்காரி வந்து கெஞ்சினாள். அக்கா கத்தரிக்கோலால் நூலை வெட்டிக்கொண்டே இருந்தார். குழந்தை அழுது அழுது தொண்டை கட்டி, கடைசியில் தூங்கிப்போனாள். ரெண்டு வாரம் கழித்து, அந்தப் பெண் துணியையே மறந்துவிட்டு நொண்டி ஆடிக்கொண்டிருந்தபோது, கூப்பிட்டு அதே சாட்டினில் தைத்த கவுனை மாட்டிவிட்டார். தாய்க்காரிக்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "குடுக்கறவ அன்னிக்கே குடுத்தா இன்னா?" என்று என்னிடம் வந்து கேட்டாள்.

இப்போது எங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். இரண்டாயிரம் பிறக்கப் போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. என் வீட்டுக்காரர் வைட்ஃபீல்ட் பக்கம் புதிதாக வந்த ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டினார். விடியும் முன்னே கிளம்பிவிட வேண்டும். பஸ் நிறையப் படித்த பிள்ளைகள், காதில் வயரை மாட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டே போகும். அவர் தூங்காமல் ஓட்ட வேண்டும்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த வருஷம் சஷ்டி விரதம் எடுத்திருந்தேன். ஒரு வருஷத்துக்கு வீட்டில் மீன், கறி வாசனையே கூடாது. வாய் திறந்து கேட்பவர்களுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. இரண்டாவதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே வேண்டிக்கொண்டது. நாம் இல்லை என்று சொன்னால் கந்தனும் இல்லை என்று சொல்லிவிடுவானோ என்ற பயம்தான்.

ஒரு சஷ்டி அன்று நல்ல மழை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டு பூனைக்குட்டிகள் நனைந்துபோய்க் கத்திக்கொண்டிருந்தன. தாயைக் காணோம். அன்றைக்குப் பார்த்து வந்ததால் கந்தன் அனுப்பியதாகவே எடுத்துக்கொண்டேன். முந்தானையில் துடைத்து, வள்ளி, தெய்வானை என்று பெயர் வைத்தேன்.

"முருகனுக்கு மயிலுதானே. பூனை எப்போ வந்துச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

"கிண்டல் பண்ணாதீங்க. குழந்தை வர்றதுக்கு முன்னாடி வந்த குழந்தைங்க."

அவரே குட்டிகளுக்குப் பிஸ்கட் அட்டைப் பெட்டியில் ஜன்னல் வெட்டிக் கொடுத்தார்.

குட்டியாக இருந்தவரை சரி. நாலைந்து மாதத்தில் இரண்டும் ரௌடிகளாகிவிட்டன. பகலெல்லாம் அரிசி மூட்டையின் மேல் ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு தூங்கும். நாங்கள் விளக்கை அணைத்ததும் ஆரம்பிக்கும். பரணிலிருந்து அலமாரிக்கு, அலமாரியிலிருந்து எங்கள் வயிற்றின் மேல். போர்வைக்குள் கால் கட்டைவிரல் அசைந்தால் கவ்வும். டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டித் தள்ளி, விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகும். அதெல்லாம் முடிந்ததும் என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்து கத்தும். கேட்பவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாதே. எழுந்து போய்ப் பால் ஊற்றுவேன். குடித்துவிட்டு மறுபடி கத்தும். மறுபடி எழுந்திருப்பேன். பால் தீர்ந்தால் தயிர்சாதம்.

வீட்டுக்காரர் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு படுத்திருப்பார். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. ஒருநாள் மாரத்தஹள்ளி சிக்னலில் பஸ்ஸை நிறுத்தியவர், பச்சை விழுந்தும் எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்திருக்கிறார்கள். முன் சீட்டுப் பிள்ளை எழுந்து வந்து தோளைத் தொட்டு, "அண்ணா, அண்ணா" என்று எழுப்பியிருக்கிறது. விஷயம் சூப்பர்வைசருக்குப் போய்விட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று வீட்டுக்காரர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார்.

"நின்ன பஸ்ல தூங்கினேன். ஓடற பஸ்ல தூங்கியிருந்தா? நாப்பது புள்ளைங்க, மே."

"கந்தன் காப்பாத்துவாரு."

"அவரு காப்பாத்தட்டும். நானும் கொஞ்சம் தூங்கணும். அடுத்த ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாக்கறேன். அப்பறம் மூட்டைல கட்டி ஜான்சன் மார்க்கெட்டு மீன்கடைப் பக்கம் உட்டுட்டு வந்துடறேன். அங்க ராஜா மாதிரி இருக்கும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. சாமி கொடுத்ததை மூட்டை கட்டித் திருப்பிவிட்டால், அதற்கப்புறம் எந்த முகத்தோடு குழந்தை கேட்பது. வைத்துக்கொண்டால் அவருக்கு வேலை போகும், இல்லை அதைவிடப் பெரிதாக ஏதாவது நடக்கும். நடையில் உட்கார்ந்து அழுதேன். அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனார். தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். போகும்போதும் வரும்போதும் என் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டினார். ஏன் அழுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்லு மனசு என்று சொன்னது சரிதான் என்று நானும் அன்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம், நான் அழுது முடித்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, அவராகவே வந்து உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு. அதுங்களுக்கு இன்னா போடற?"

"பாலுக்கா. தயிர்சாதம். பருப்புசாதம் நெய் விட்டு."

"மீனு?"

"விரதம்க்கா. வீட்ல மீனே வாங்கறதில்ல."

"விரதம் உனக்கு. பூனைக்கு யாரு மாலை போட்டது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. வீட்டில் இருப்பவை எல்லாம் விரதத்தில் சேர்ந்ததுதான் என்று நான் நினைத்திருந்தேன். பூனைக்கு அது பட்டினி என்று தோன்றவே இல்லை.

அரிசி மூட்டையின் மேல் தூங்கிக்கொண்டிருந்த இரண்டையும் தட்டி எழுப்பினார். "பகல்ல இப்படித் தூங்குனா ராத்திரி உங்க ரெண்டு பேர் தலையிலதான் ஆடும்" என்று சொல்லி, தெய்வானையைக் கழுத்துப் பக்கம் பிடித்துத் தூக்கி, வாலை ஒதுக்கிப் பார்த்தார்.

"இதுக்கு இன்னா பேரு வச்ச?"

"தெய்வானை."

"இனிமே வேலான்னு கூப்புடு."

அன்று சாயங்காலத்திலிருந்து அக்காவின் வீட்டில் பூனைகளுக்குப் பாடம் ஆரம்பித்தது. ஃபால்ஸ் துணியில் மீந்த நீளமான பட்டை ஒன்றின் நுனியில் முடிச்சுப் போட்டுத் தரையில் இழுப்பார். அது எலி ஓடுவதுபோல நின்று நின்று ஓடும். மிஷினுக்கு அடியில் மறையும். நாற்காலி மேல் ஏறும். இரண்டு பூனைகளும் பின்னங்காலை ஆட்டிக்கொண்டு பாயும். பிடிக்கப் போகும் நேரத்தில் இழுத்துவிடுவார். வாயைத் திறந்து மூச்சு வாங்கும்வரை ஓட வைத்து, கடைசியில் பிடிக்க விடுவார். "கடைசில அதுதான் ஜெயிக்கணும். இல்லன்னா கோபத்துலயே படுக்கும்" என்பார். ஆடி முடித்ததும் துணியைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். நூல் வயிற்றுக்குள் போனால் குடலில் சுற்றிக்கொள்ளும் என்று அவருக்குப் பயம்.

அப்புறம் நாங்கள் படுக்கப் போகும் நேரம் பார்த்து, மத்திமீனை உப்பில்லாமல் வேகவைத்துச் சோற்றோடு பிசைந்து வைப்பார். இதில் ஒரு விஷயம், அக்கா மீன் சாப்பிட மாட்டார். மூக்கில் முந்தானையைச் சுற்றிக்கொண்டுதான் வேகவைப்பார். "அக்கா, உங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை" என்றேன். "உன்னைக் கேட்டனா?" என்றார்.

இவ்வளவும் எனக்குச் சம்மதம்தான். மிச்சம் ஒன்று இருந்தது.

"வெளக்கு அணைச்சதும் அது எவ்ளோ கத்தினாலும் நீ எழுந்திரிக்கக் கூடாது. பேசக் கூடாது. திட்டவும் கூடாது. திட்டுனாலும் அதுக்கு ஆள் எழுந்துடுச்சுன்னு தெரிஞ்சிடும். மொதல்ல இப்ப கத்தறதவிட ஜாஸ்தி கத்தும். அப்ப எழுந்தியோ, எல்லாம் போச்சு."

"அது முடியாதுக்கா. கேக்கறவங்களுக்கு இல்லன்னு சொல்லக் கூடாதுன்னு வேண்டுதல்."

"வயிறு ரொம்பியிருக்கும். அது எதையும் கேக்கல. நீ வர்றியான்னு பாக்குது."

"கேக்குதா பாக்குதான்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?"

நான் கோவிலுக்குப் போய்ப் பூ கட்டிப் பார்த்தேன். எழுந்திருக்கக் கூடாது என்றால் வெள்ளைப் பூ, எழுந்திருக்கலாம் என்றால் சிவப்பு. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சந்நிதியில் வைத்து, ஒரு பெண் குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன். சிவப்பு வந்தது. தலைதெறிக்க ஓடிவந்து அக்காவிடம் சொன்னேன்.

அக்கா சேலை மடித்துக்கொண்டிருந்தார். "உங்க சாமிக்குக் காலைல டியூட்டி இல்லம்மா. உன் வீட்டுக்காரருக்கு இருக்குது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சாமியை அப்படிச் சொன்னது பிடிக்கவில்லை. அவரும் அதைப் பார்த்தார். எழுந்து எங்கள் வீட்டுக்கு வந்து, வள்ளியை ஒரு கையிலும் வேலனை ஒரு கையிலும் அள்ளிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். "அதுங்க எங்க வீட்ல கத்தினா உனக்கு வேண்டுதல் இல்லையே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அந்த ராத்திரிகளை நான் மறக்க மாட்டேன். நடைக்கு அந்தப் பக்கம் இரண்டும் கத்தின. குழந்தை அழுவது மாதிரியே இருந்தது. கதவைப் பிறாண்டின. அக்காவின் வீட்டிலிருந்து ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. ஒரு மனுஷி இதை எப்படிக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க முடியும் என்று நான் இங்கே புரண்டுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அசந்து தூங்கினார். அவர் தூங்குவதைப் பார்க்க நிம்மதியாக இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்க வேதனையாக இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன.

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் போய் அவர் கதவைத் தட்டினேன். "அக்கா, அக்கா, ஒரு வாய் பால் குடுத்துடறேன்க்கா" என்று கெஞ்சினேன். உள்ளே பூனைகள் என் குரலைக் கேட்டு இன்னும் அதிகமாகக் கத்தின. கதவு திறக்கவில்லை. அழுதுகொண்டே வந்து படுத்தேன்.

காலையில் கோலம் போடும்போது அக்கா வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரி யாரோ கதவத் தட்டினாங்க. நான் எழுந்திரிக்கல" என்றார். முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அடுத்த இரண்டு ராத்திரி சத்தம் குறைந்தது. அப்புறம் நின்றுபோனது. சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டம் காட்டி, மீன்சோறு போட்டு, இரண்டையும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். நான் விளக்கை அணைத்துவிட்டு கந்தா கந்தா என்று படுத்திருந்தேன். பரணில் ஒரு தடவை தடதடவென்று சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மூட்டை கட்ட வேண்டிய மனுஷர், வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கினார். இரண்டும் அவர் கால்மாட்டில் சுருண்டு கிடந்தன. கண்ணைத் திறந்து அதுகளைப் பார்த்தார். அசைந்தால் எழுந்துவிடுமோ என்று காலை நீட்டாமலே என்னிடம் காபி கேட்டார். மார்க்கெட் பேச்சு அதற்கப்புறம் வரவில்லை. அவருக்கு வேலையும் போகவில்லை.

ஆனால் எனக்குள் குழப்பம் போகவில்லை. அக்காவிடமே கேட்டேன்.

"அத்தனை கத்தலக் கேட்டுட்டு எப்படிக்கா படுத்திருந்தீங்க?"

"யாரு படுத்திருந்தா? உக்காந்திருந்தேன்."

"பின்ன ஏன் அதுங்களத் தூக்கல?"

ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். "கத்தினாத்தான் கெடைக்கும்னு ஆயிட்டா, அப்பறம் பொழப்பே கத்தலாத்தான் இருக்கும். கத்தாமலே கெடைக்கும்னு அதுக்குத் தெரியணும். தெரியற வரைக்கும் நமக்குத்தான் கஷ்டம்."

அவருக்கு எங்கே, யாரிடம் இந்தப் பாடம் கிடைத்தது என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் சொல்ல மாட்டார் என்று விட்டுவிட்டேன். அவராகவும் சொல்லவில்லை.

சஷ்டி வருஷம் முடிந்தது. குழந்தை வரவில்லை. எனக்குப் பதிலாக இன்னொருத்தர் எழுந்திருக்காமல் இருந்தாரே, அதில் வேண்டுதல் முறிந்துபோனதா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இல்லை, கந்தனும் அக்கா மாதிரித்தானா, கத்தும்போது வராதவனா, உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறானா என்றும் யோசித்திருக்கிறேன். இப்படி நினைப்பது பாவமோ என்று உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வேன். யாரிடம் போய்க் கேட்பது.

ஒரு மழைக்காலத்தில் இரண்டு நாளாக மிஷின் சத்தம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தால் அக்கா காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். வாய் உலர்ந்திருந்தது. வேலன் அவர் முதுகோடு ஒட்டிப் படுத்திருந்தான். அவன் அதற்குள் பாதி நாள் அங்கேதான். கஞ்சி வைத்துக் கொடுத்து, மாத்திரை வாங்கிவந்து, ரொம்பக் கோபித்துக்கொண்டேன்.

"நடையத் தாண்டினா நான் இருக்கேன். ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

"குரல் குடுக்காமத்தானே வந்த" என்றார் அக்கா. அன்று மட்டும்தான் அவர் என் கையைப் பிடித்தார்.

அந்த வார்த்தை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இவரைப் புரிந்துகொண்டுவிட்டேன் என்று நினைத்தேன். கேட்கக் கூடாது. கேட்காமல் தானாக நடக்க வேண்டும். இவருக்கு அதுதான் பிடிக்கும்.

அதனால்தான், கோலார் தங்கவயலில் இருக்கும் தங்கை கூப்பிடுகிறாள், அங்கே போய்விடப் போகிறேன் என்று அவர் சொன்னபோது, நான் ஒன்றும் சொல்லவில்லை. மனசு அடித்துக்கொண்டது. கடைக்காரர்களின் சேலைகளைத் திருப்பிக் கொடுத்தார். பாத்திரங்களைச் சாக்கில் கட்டினார். அவசரமே இல்லாமல் நிதானமாகக் கட்டினார். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினார். நான் போய்க் கூடமாட உதவி செய்தேன்.

"இருங்கக்கான்னு சொல்லிப் பாரேன்" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு அவங்களப் பத்தித் தெரியாது. கேட்டா கட்டாயம் போயிடுவாங்க. கேக்காம உட்டா ஒருவேளை இருப்பாங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீயும் அவங்கள மாதிரியே பேச ஆரம்பிச்சுட்ட" என்றார்.

டெம்போ வந்தது. மிஷினை ஏற்றினார்கள். எனக்கு ஒன்று தோன்றியது. வேலனைப் பிடித்து, மூடி போட்ட கூடையில் வைத்து, டிரைவர் பக்கத்து சீட்டில் கொண்டுபோய் வைத்தேன். அதைக் கொடுப்பது எனக்கு லேசான காரியம் இல்லை. சஷ்டி அன்று சாமி கொடுத்தது அது. குழந்தை வராது என்று மனசுக்குள் தெரிந்துவிட்ட பிறகு, அந்த இரண்டும்தான் எனக்கு மிச்சம்.

"இது எதுக்கு?" என்றார் அக்கா.

"உங்களுக்குத்தான். உங்ககிட்டதானே ஒட்டிக்கிட்டுக் கெடக்கறான்."

"நான் கேட்டனா?"

"நீங்க கேக்கலன்னுதான்க்கா குடுக்கறேன்."

அக்கா கூடை மூடியைத் திறந்தார். வேலனை எடுத்து என் தோளில் வைத்தார். "இது இந்த எடத்துப் பூனை. எடம் மாத்துனா பேஜாராயிடும்" என்றார். ஏறி உட்கார்ந்து, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"இத்தினி நாளா மூட்டை கட்டறேன். இருங்கன்னு ஒரு வார்த்தை நீ சொல்லுவியான்னு பாத்தேன்."

"நீங்கதானேக்கா... கேட்டா எதுவும் குடுக்க மாட்டீங்களே."

"ஆமா. கேட்டிருந்தாலும் போயிருப்பேன்." டிரைவர் வண்டியைக் கிளப்பினார். "அதுக்குன்னு கேக்காம இருக்கறதா?"

டெம்போ தெருமுனை திரும்பும்வரை பூனையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். அக்கா அதற்கப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை.

அன்று ராத்திரி வேலன் நடையில் போய், பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்து கத்தினான். மீன்சோறு தின்றுவிட்டுத்தான் கத்தினான். வீட்டுக்காரர் விழித்துக்கொண்டார்.

"எழுந்திரிக்காத. அவங்க சொன்னதுதானே" என்றார்.

சரி என்று படுத்திருந்தேன். இது எதையும் கேட்கிற கத்தலா, ஆள் வருகிறதா என்று பார்க்கிற கத்தலா என்று காதைத் தீட்டிக் கேட்டேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து போனேன். கையில் பால் இல்லை, ஒன்றும் இல்லை. அவன் என் கையைப் பார்க்கவும் இல்லை. கதவைப் பார்த்துத்தான் கத்தினான். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டுக் கதவு திறந்தது. அவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"காலைல உங்களுக்கு டியூட்டி" என்றேன்.

"தெரியும்" என்றார்.

சுவரோரம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன்.